இந்த வீட்டில் எத்தனை பேர்

கிரிம்ஸ்பியில் மழை நேராக விழுவதில்லை.
கடல்வாயிலிருந்து படுக்கைவாட்டில் வந்து
படிவத்தைத்தான் முதலில் நனைக்கும்.
உறைக்குள் உறை போட்டு
நெஞ்சோடு அணைத்தபடி நடக்கிறேன்.
தெருவில் நாய்களுக்குக்கூட என்னைத் தெரியும்.

பதினேழாம் எண் வீடு, சனிக்கிழமை காலை.
லியான் ஸ்டாக்டேல், வயது முப்பத்தொன்று,
மீன் ஆலையில் பகல்முறை.
மூன்றாவது ஆண்டாக வருகிறேன்.
தேநீருக்குச் சர்க்கரை எத்தனை என்று
இப்போதெல்லாம் அவள் கேட்பதில்லை.
அவளுக்கு என்னைத் தெரிந்த அளவு
எனக்கு அவளைத் தெரியாது,
நாற்பத்திரண்டு பக்கம் நிரப்பியும்.

முதல் கேள்வி என்றைக்கும் அதேதான்:
இந்த வீட்டில் எத்தனை பேர்?

"மூணு" என்றாள்.
"நாலு" என்றான் ஜோயல், ஆறு வயது,
பொம்மை லாரிக்குச் சக்கரம் மாட்டியபடி.
"பூனையைச் சேத்துக்கறான்" என்றாள்.

அந்த வீட்டில் பூனையை நான் பார்த்ததேயில்லை.
கதவோரம் வெள்ளை ரப்பர் பூட்ஸ் நின்றன,
பதினோராம் அளவு,
ஒட்டிய செதில்கள் இன்னும் ஈரம்.
என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு
"ஆலையில என் சைஸ் தீந்துபோச்சு" என்றாள்.

மாடியில் கட்டில் கிரீச்சிட்டது.
மூவரும் கூரையைப் பார்க்கவில்லை.
ஒரு நிமிடம் முன்பு நாலு என்றவன்
கூரையைப் பார்க்காமலிருக்க
அங்கேயே, என் கண்ணெதிரே, கற்றுக்கொண்டான்.

சட்டம் தெரியாதவளா நான்?
காதலிக்க யாரும் தடை சொல்லவில்லை.
ஒரே கூரையென்றால்தான்
இரண்டு சம்பளத்தையும் கூட்டி
உதவித்தொகையில் கை வைப்பார்கள்.

"இது அந்த அலுவலகத்துக்குப் போகாது லியான்.
பேர்கூட இருக்காது, வெறும் எண்தான்."
"எண்ணைப் பாத்துத்தானே வெட்டறாங்க"
என்று சிரித்தாள்.
என் பயிற்சியில் அதற்குப் பதில் இல்லை.

போன வாரம் பிள்ளைகள் தகப்பனோடு கழித்த நேரம்?
"இல்ல."
இரவில் குழந்தை அழுதால் எழுவது யார்?
"நான்தான்."
சொல்லி வாய் மூடவில்லை,
மேலே எஸ்மி அழுதாள்.
லியான் எழவில்லை.
தடித்த குரலொன்று ஏதோ முணுமுணுக்க
அழுகை அடங்கியது.

அதை எழுத ஒரு கட்டம் தேடினேன்.
முப்பத்தோராம் பக்கத்தில் 'வேறு ஏதேனும்' என்று
ஒன்றரை வரி இடம் இருந்தது.
சொன்னதை எழுது, கண்டதை எழுதாதே.
மூன்று என்று எழுதினேன்,
மையை ஊதி உலர்த்தினேன்.

நவம்பரில் லீட்ஸ் நகரில் கருத்தரங்கு.
முனைவர் பென்ஹாலிகன் திரையில் சொடுக்கினார்.
எங்கள் வட்டாரத்தின் தூண் மட்டும்
மற்றவற்றைவிட ஒரு விரல்கடை உயரம், சிவப்பில்:
தந்தையர் இன்மை.
பரிந்துரை, புதன்தோறும் மாலை ஏழுமணிக்குத்
தந்தைமைப் பயிற்சி வகுப்பு, பிஸ்கட்டுடன்.
ஏழுமணிக்குத்தான் இரவுமுறை தொடங்கும்.
அந்தச் சிவப்பில் ஒரு மயிரிழை என் கைவேலை.

களப்பணியாளர் எவருக்கேனும் சொல்ல உண்டா?
கையைத் தூக்கினேன்.
எல்லோரும் திரும்பினார்கள்.
ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா என்று கேட்டேன்.

என் வீட்டில் ஒருவர்.
அந்தப் படிவம்
இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான்காம் ஆண்டு.
கதவைத் திறந்தது ஜோயல்,
முன்பல் இரண்டும் இல்லை.
உறையிலிருந்து தாளை எடுக்கவுமில்லை,
"மூணு" என்றான்.

பூனை எங்கே என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான்.
"தூங்குது" என்றான் தணிந்த குரலில்,
"நைட் ஷிப்ட்."